21 மெகாஹெர்ட்ஸில் மட்டும் சோக் ஏன் உருகுகிறது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அமெச்சூர் ரேடியோக்காரர், ஒற்றை 813 வால்வை வைத்து ஒரு லீனியர் (டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் கூட்டும் பெருக்கி) கட்டியிருக்கிறார். பிளேட்டுக்கு (வால்வின் தலையில் உள்ள முனை) 2000 வோல்ட், ஓட்டம் 200 மில்லி ஆம்பியர். 25 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப்பில் 26 கேஜ் எனாமல் கம்பியை 130 சுற்று நெருக்கிச் சுற்றி பிளேட் சோக் செய்தாராம். 3.5, 7, 14 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் நன்றாக வேலை செய்திருக்கிறது. 21க்கு மாற்றி அரை நிமிடம் கீயை அழுத்தியதும் பிளாஸ்டிக் நாற்றம். அணைத்துப் பார்த்தால் பைப் சரியாக நடுவில் உருகி வளைந்திருக்கிறது. எந்த கேஜில், எத்தனை சுற்று, எந்தக் குழாயில் சுற்ற வேண்டும் என்று கேட்கிறார்.

கேட்டது எண்ணிக்கை. ஆனால் விஷயம் எண்ணிக்கையில் இல்லை. மூன்று பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) உழைத்த சோக் நாலாவதில் மட்டும் ஏன் உருகியது என்பதுதான் உண்மையான கேள்வி. அது புரியாமல் நான் ஒரு எண்ணைச் சொன்னால், நீங்கள் அதைச் சுற்றி, அது வேறொரு பேண்டில் உருகி, மறுபடி இங்கே வந்து நிற்பீர்கள். நானும் அப்படித்தான் நின்றேன். கும்பகோணத்தில் உட்கார்ந்து முப்பது வருடமாக இந்த வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறேன். ஒற்றை 813, இரட்டை 813, நாலு 811ஏ வரைதான் என் கை பழகியது. கிலோவாட் அளவுப் பெரிய செராமிக் வால்வுகளை நான் தொட்டதில்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிளேட் சோக்கின் வேலை சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கும். 2000 வோல்ட் டி.சி.யை வால்வின் தலைக்குக் கொண்டு போக வேண்டும், அங்கே உண்டாகும் ஆர்.எஃப். (ரேடியோ அலைவரிசை மின்னோட்டம்), மின்சாரம் கொடுக்கும் பெட்டிப் பக்கம் திரும்பி வராமல் தடுக்க வேண்டும். டியூப்லைட் சோக்கும் தடுக்கிற வேலைதான் செய்கிறது, ஆனால் அதற்கு 50 ஹெர்ட்ஸ் என்ற ஒரே எதிரி. நம்முடையது 3.5இலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை வருகிற அத்தனை பேரையும் நிறுத்தியாக வேண்டும். ஒரே காயில் இவ்வளவு அகலத்தில் ஒழுங்காக இருக்காது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். காயிலின் விட்டத்தையும் நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டத்தின் வர்க்கத்தைச் சுற்றுகளின் வர்க்கத்தால் பெருக்கி, அதை (45.7 பெருக்கல் விட்டம் கூட்டல் 101.6 பெருக்கல் நீளம்) என்பதால் வகுத்தால் மைக்ரோஹென்றியில் விடை வரும். வீலர் என்பவர் கொடுத்த பழைய சூத்திரம் இது, ஒற்றை அடுக்குக் காயிலுக்கு நம்பிப் போடலாம். 26 கேஜ் கம்பி எனாமலோடு சேர்த்துச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் இடம் பிடிக்கும் என்று வைத்தால், உங்கள் 130 சுற்று ஆறரை சென்டிமீட்டர் நீளம், சுமார் 136 மைக்ரோஹென்றி. 3.5 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 3000 ஓம். நல்ல எண்தான். சுற்று குறைவாக இருந்ததால் உருகியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் எந்தக் காயிலும் வெறும் காயிலாக இருப்பதில்லை. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில், சுற்றுக்கும் சேஸிக்கும் (உலோக அடித்தட்டு) நடுவில், கண்ணுக்குத் தெரியாத கண்டன்சர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் அலைவரிசை ஏற ஏற சோக்கின் தடை முதலில் கூடிக்கொண்டே போகும், ஓர் இடத்தில் உச்சத்தைத் தொடும். இது இணை ஒத்ததிர்வு. இங்கே நமக்குக் கொண்டாட்டம்தான். அதைத் தாண்டினால் சோக் கண்டன்சர் மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கும், தடை இறங்கும். இன்னும் மேலே போனால் ஓர் இடத்தில் தடை சட்டென்று பாதாளத்துக்கு விழும். இது தொடர் ஒத்ததிர்வு. பல்லாயிரம் ஓம் இருந்த இடத்தில் அங்கே சில நூறு ஓம்கூட மிஞ்சாமல் போகலாம். 1000 வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆர்.எஃப். அந்தக் காயிலின் தலையில் உட்கார்ந்திருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் முகர்ந்தே பார்த்துவிட்டீர்கள்.

பைப் நடுவில் உருகியது என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தக் கேள்வியிலேயே மிகவும் உபயோகமான வரி அதுதான். சாதாரணமாக வேலை செய்யும் சோக்கில் ஆர்.எஃப். அழுத்தம் பிளேட் முனையில் அதிகம், கீழ்முனையில் பூஜ்யத்துக்குப் பக்கம். பி.வி.சி. மோசம் என்பது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், பிளேட் பக்கம்தான் முதலில் இளகியிருக்கும். தொடர் ஒத்ததிர்வில் அப்படி இல்லை. இரண்டு முனையையும் ஆள் பிடித்துக்கொண்டு தாம்புக்கயிற்றை ஆட்டினால் நடுவில்தான் கயிறு உயரமாக எழும் அல்லவா, அது மாதிரி சோக்கின் நடுவில் அழுத்தம் எகிறும். பிளேட்டில் இருப்பதைவிடப் பல மடங்குகூடப் போகும். நடுவில் உருகிய தடம் அதன் கையெழுத்து. உங்கள் சோக்கின் தொடர் ஒத்ததிர்வு சரியாக 21இலேயோ அதற்கு மிக அருகிலோ விழுந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, அது எங்கே விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியாதா? துல்லியமாக முடியாது. இதில் ஒரு சூத்திரம் ஊரெல்லாம் சுற்றுகிறது: கம்பியின் மொத்த நீளத்தை அரை அலைநீளமாக வைத்துக் கணக்கிடு என்பது. உங்கள் சோக்கில் கம்பி சுமார் 10.2 மீட்டர். அந்தக் கணக்குப்படி ஒத்ததிர்வு 14.7 மெகாஹெர்ட்ஸில் வர வேண்டும், 14 பேண்டில் சோக் திணறியிருக்க வேண்டும். அங்கே நன்றாக வேலை செய்தது என்கிறீர்கள். நெருக்கிச் சுற்றிய காயிலில் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போவதால், கம்பி நீளம் சொல்வதைவிட மேலேதான் ஒத்ததிர்வு வரும். எவ்வளவு மேலே என்பது விட்டம், நீளம், சுற்றின் நெருக்கம், குழாயின் பொருள், பக்கத்தில் நிற்கும் சேஸி, மேலே மூடும் மூடி எல்லாவற்றையும் பொறுத்தது. மேஜை மேல் வைத்து அளந்த எண் பெட்டிக்குள் போனதும் நகர்ந்துவிடும். குழாயைப் பொருத்துவதற்காக உள்ளே நீளமான இரும்பு போல்ட் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே அளக்க வேண்டும். அளப்பது கஷ்டமும் இல்லை. மெயின்ஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பில்டர் கண்டன்சர்களை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு (அவற்றைத் தானாகக் காலி செய்யும் பிளீடர் ரெசிஸ்டர் இருக்கிறது என்று நம்பிக் கை வைக்காதீர்கள், எர்த் கம்பி கட்டிய குச்சியால் தொட்டுப் பார்த்துவிட்டே கையை உள்ளே விடுங்கள்) சோக்கை அதன் இடத்திலேயே வையுங்கள். பிளேட்டுக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டு, சோக்கின் மேல்முனையை ஒரு குட்டையான பட்டையால் சேஸியோடு இணையுங்கள். கீழ்முனை, ஆர்.எஃப்.பைத் தரைக்கு இறக்கும் பைபாஸ் கண்டன்சர் வழியாக ஏற்கெனவே சேஸியில்தான் இருக்கிறது. இப்போது டிப் மீட்டரைக் காயில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு 5இலிருந்து 35 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்பினால், முள் எங்கே விழுகிறதோ அதுதான் தொடர் ஒத்ததிர்வு. டிப் மீட்டர் இந்தக் காலத்தில் கிடைப்பது அபூர்வம். நானோ வி.என்.ஏ. (அலைவரிசை வாரியாக அளந்து கோடு வரையும் சின்னக் கருவி) இருந்தால் இன்னும் நல்லது: சோக்கை இரண்டு போர்ட்டுக்கும் நடுவில் தொடராகப் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள். 2000 ஓம் தடை இருக்கும் இடத்தில் கோடு கழித்தல் 26 டெசிபெல் அருகில் கிடக்கும். தொடர் ஒத்ததிர்வு வரும் இடத்தில் அது மேடு மாதிரி கிளம்பிப் பூஜ்யத்தை நோக்கி ஏறும். அந்த மேடு எந்த பேண்டிலும் உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் முழு வேலை.

இங்கே பழைய புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எழுபதுகளில் வந்த வரைபடங்களில் இருக்கும் சோக்குகள் 3.5, 7, 14, 21, 28 என்ற ஐந்து பேண்டுகளுக்காகச் செய்தவை. ஒத்ததிர்வுகள் நடுவில் இருக்கும் காலி இடத்தில் விழுந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள், அன்றைக்கு அது சரி. 1979இல் ஜெனீவா மாநாட்டில் 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளும் அமெச்சூர்களுக்குக் கிடைத்தன. அதனால் 'காலி இடம்' என்று நினைத்த இடத்தில் இன்று குடித்தனம் இருக்கிறது. அப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்துச் சுற்றினால், 24இல் பேச ஆசைப்படும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்து, எவ்வளவு மைக்ரோஹென்றி வேண்டும் என்பது. சோக்கின் தடை வால்வின் சுமைத் தடையைப் போல் பத்து மடங்கு இருக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். உங்கள் 813க்குச் சுமை, 2000ஐ 1.8 பெருக்கல் 0.2ஆல் வகுத்தால், சுமார் 5500 ஓம். பத்து மடங்கு என்றால் 55,000 ஓம், 3.5 மெகாஹெர்ட்ஸில் இரண்டரை மில்லிஹென்றி. அப்படி ஒரு பிளேட் சோக்கை யாரும் சுற்றுவதில்லை, சுற்றினால் மேலே ஒரு பேண்ட் விடாமல் ஒத்ததிர்வு வந்து நிற்கும். நடைமுறையில் சோக், பிளேட்டை டியூன் செய்யும் கண்டன்சருக்கு இணையாகத்தான் இருக்கிறது. சோக்கின் தடை குறைந்தால், கண்டன்சரைக் கொஞ்சம் கூட்டி அதை ஈடுகட்டிவிடலாம். 50 மைக்ரோஹென்றி சோக் 3.5இல் வெறும் 1100 ஓம்தான். அதை ஈடுகட்ட டியூன் கண்டன்சரில் 40 பிகோஃபாரட் கூடுதலாக வேண்டும், அவ்வளவே. நான் ரொம்ப நாள் பத்து மடங்கு என்ற விதியை வேதவாக்காக வைத்திருந்து கம்பியை வீணாக்கினேன்.

குறைந்த தடைக்கு விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் பிளேட்டில் ஆர்.எஃப். அழுத்தம் உச்சத்தில் 1700 வோல்ட், ஆர்.எம்.எஸ். கணக்கில் 1200. 1100 ஓம் வழியாக அது 1.1 ஆம்பியரை ஓட்டும். டி.சி. ஓட்டம் 0.2 ஆம்பியர்தான் என்பதைக் கவனியுங்கள். 200 மில்லி ஆம்பியருக்கு மெல்லிய 32 கேஜே போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஆர்.எஃப். ஓட்டத்தை மறந்துவிடுகிறார்கள். போதாததற்கு 3.5 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு ஆழத்துக்குத்தான் இறங்கும். கம்பியின் உள்பக்கம் சும்மா கிடக்கும்.

இத்தனையும் சேர்த்து, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படித்தான் செய்வேன்: 25 மில்லிமீட்டர் டெஃப்ளான் உருளையில் 24 கேஜ் கம்பியை 64 சுற்று, ஒரே அடுக்காக. நீளம் நாலு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 50 மைக்ரோஹென்றி அருகில் வரும். இந்த அளவில் நான் சுற்றிய சோக்குகளில் முதல் தொடர் ஒத்ததிர்வு 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போய்விட்டது. 3.5இலிருந்து 28 வரை எந்த பேண்டும் இடிக்கவில்லை. 3.5இல் அரைமணி பேசிய பிறகு, அணைத்து டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், சுடாது. உங்கள் பெட்டியில் மூடி ரொம்ப நெருக்கமாக இருந்தால் எண் மாறலாம் என்பதால், 68 சுற்று சுற்றிக்கொண்டு அளந்து அளந்து இரண்டிரண்டாகக் கழற்றுங்கள். கழற்றுவது சுலபம், ஒட்டுவதுதான் அசிங்கம்.

90 மைக்ரோஹென்றிதான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் 26 கேஜில் 91 சுற்று. ஒத்ததிர்வு பெரும்பாலும் 21க்கும் 28க்கும் நடுவில் எங்காவது வரும். 24இல் உங்களுக்கு ஆசை இல்லையென்றால் அது போதும். சுற்றுகளை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து நடுவில் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் ஒத்ததிர்வு நகரும். பிளேட் பக்கம் கடைசிப் பத்துச் சுற்றை இடம்விட்டுச் சுற்றுவதும் உதவும். எவ்வளவு நகரும் என்பதற்கு விதி கிடையாது, செய்து அளப்பதுதான் வழி. 1.8 மெகாஹெர்ட்ஸும் வேண்டும் என்றால் இது பத்தாது. 26 கேஜில் 200 சுற்று, 220 மைக்ரோஹென்றி வரும், ஆனால் மேல் பேண்டுகளில் ஒத்ததிர்வு ஒன்றுக்கு இரண்டாக வந்து உட்காரும். அந்த பேண்டுக்கு மட்டும் கீழ்முனையில் இன்னொரு சோக்கைச் சேர்த்து, மற்ற நேரங்களில் இரண்டும் சேரும் இடத்தை ரிலே வழியாக ஒரு கண்டன்சரால் தரைக்கு இறக்குவது நல்ல வழி.

பி.வி.சி.யை விட்டுவிடுங்கள். நம் டெல்டாவில் போர் போடாத வீடு இல்லை, எந்தக் கொல்லையிலும் துண்டு பைப் கிடக்கும், அதனால் கை அதைத்தான் தேடும். ஆனால் ஆர்.எஃப். அழுத்தத்தில் பி.வி.சி. தானாகவே சூடாகும், எண்பது டிகிரி சுமாரில் இளகும். டெஃப்ளான் உருளை கிலோ கணக்கில் விற்கிறது. பத்து சென்டிமீட்டர் துண்டு வாங்கி, லேத்தில் கொடுத்தால் 25க்குக் கடைந்து, இரண்டு முனையிலும் திருகுக்குத் துளை போட்டுத் தருவார்கள். துளை ஆழமாக வேண்டாம், திருகு சுற்றுக்குள் நுழையக் கூடாது. வழவழப்பில் கம்பி வழுக்கும் என்பதுதான் ஒரே தொல்லை. லேத்காரரிடமே அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டச் சொன்னால் அதுவும் தீரும்.

கம்பிக்கு எங்கேயும் அலைய வேண்டாம். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை நம் பக்கம் எல்லா ஊரிலும் உண்டு. உங்களுக்கு வேண்டியது பத்துப் பதினைந்து கிராம்தான், பாபினின் மிச்சத்தைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது ஃபேனிலும் சின்ன மோட்டாரிலும் அலுமினியக் கம்பி வருகிறது, மேலே எனாமல் நிறம் ஒரே மாதிரிதான் இருக்கும். நுனியைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாக இருந்தால் வேண்டாம், ஈயம் பிடிக்காது. அப்புறம், சப்மெர்சிபிள் மோட்டாருக்குப் போடும் பிளாஸ்டிக் சுற்றிய தடித்த கம்பியைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உறை தடிப்பாக இருப்பதால் அதே மைக்ரோஹென்றிக்கு உருளை ரொம்ப நீண்டுவிடும், சூட்டில் உறை இளகவும் செய்யும். அதே கடையில் கிடைக்கும் ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் மட்டும் அரை மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், முனைக் கம்பிகளுக்கு உதவும். சோக் முழுவதையும் மோட்டார் வார்னிஷில் முக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. சுற்றுகளுக்கு நடுவில் வார்னிஷ் புகுந்தால் கண்டன்சர் கூடும், நீங்கள் அளந்து வைத்த ஒத்ததிர்வு கீழே இறங்கிவிடும். முனைகளில் ஒரு சொட்டு போதும்.

கீழ்முனையில் என்ன பைபாஸ் போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. 1000 பிகோஃபாரட் ஒன்று மட்டும் என்றால் 3.5இல் அது 45 ஓம், ஒரு ஆம்பியர் ஓட்டத்துக்கு 45 வோல்ட் ஆர்.எஃப். உங்கள் ஹெச்.டி. (உயர் அழுத்த டி.சி.) லைனில் நிற்கும். 4700 போட்டால் 10 ஓமுக்குக் குறையும். 5 கிலோவோல்ட்டுக்குக் குறையாத செராமிக்காகப் பார்த்து, லீட் நீளமில்லாமல் நேரடியாகச் சேஸியில் இறக்குங்கள். முன்வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைக்கிற வேலை நடக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வரைபடத்தில் அது இல்லை. பை நெட்வொர்க்கின் (வால்வை ஆண்டெனாவோடு பொருத்தும் காயில், கண்டன்சர் தொகுதி) ஆண்டெனா முனையிலிருந்து சேஸிக்கு ஒரு 2.5 மில்லிஹென்றி சோக் போட வேண்டும். பழைய ரிசீவரில் வரும் கொத்துக்கொத்தாகச் சுற்றிய சோக் இதற்குப் பொருந்தும் (பிளேட்டுக்கு அது ஆகாது), ஆனால் ஃப்யூஸ் போகும் வரை தாங்கும் தடிப்பான கம்பியாக இருக்கட்டும். பிளேட்டிலிருந்து அந்தத் தொகுதிக்குப் போகும், டி.சி.யைத் தடுக்கும் பிளாக்கிங் கண்டன்சர் ஒரு நாள் ஷார்ட் ஆனால், 2000 வோல்ட் டி.சி. நேரே ஆண்டெனா கம்பிக்குப் போய்விடும். இந்தச் சோக் இருந்தால் அது தரைக்கு இறங்கி ஃப்யூஸ் போகும். நம்மூரில் டைப்போல் ஆண்டெனாவை எங்கே கட்டுகிறோம்? தென்னைக்கும் தென்னைக்கும் நடுவில். தேங்காய் பறிக்க ஏறுகிறவருக்கு அது வெறும் கம்பி. ஆர்.எஃப்.பில் இந்தச் சோக்கால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை, 50 ஓமுக்கு இணையாக 55,000 ஓம் இருப்பது கணக்கிலேயே வராது.

கடைசியாக, மழைக்காலம். என் முதல் டெஃப்ளான் சோக் ஒத்ததிர்வால் போகவில்லை. ஐப்பசி, கார்த்திகை முழுக்க மூடியே கிடந்த பெட்டியை மார்கழியில் ஒரு காலை திறந்து பார்க்காமல் ஆன் செய்தேன். உருளையின் மேல் தூசியும் ஈரமும் சேர்ந்து படிந்திருந்தது, அதன் வழியாக ஹெச்.டி. தரைக்குத் தாவி, நாலு சுற்றைக் கரித்து, மீட்டரையும் கொண்டு போனது. கூடவே ஒரு பல்லியும். இப்போது காற்றுத் துளைகளுக்கெல்லாம் உள்பக்கம் பித்தளை வலை அடித்திருக்கிறேன், அடைமழை மாதங்களில் பெட்டிக்குள் ஒரு 15 வாட் குண்டு பல்ப் சதா எரியும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் உருளையைத் துடைத்து, ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகே ஹெச்.டி. போடுங்கள். மன்னார்குடியில் உங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும்.